பத்தொன்பது சொல்லில் பூட்டிய கதவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. குளியலறைக் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டேன். காலை எட்டு மணி. உள்ளே என் நாத்தனார் குழாயைத் திறந்துவிட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "இல்லைங்க, இனிமே நடக்காது" என்றாள். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். பிறகு அதே குரலில், "தெரியலைங்க, இனிமேலும் நடக்கலாம்" என்றாள். மறுபடி முதல் பதில், மறுபடி இரண்டாவது. இப்படி ஏழெட்டு முறை.

எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மனதுக்குள் துள்ளினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் வெளியே வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

அவளை வீட்டில் எல்லோரும் 'கறார்' என்றே கூப்பிடுகிறோம். தைத்து வந்த சட்டை கால் அங்குலம் பிசகினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறாவது நிமிடத்தில் வந்தால் மன்னிப்புக் கேட்பாள். என் கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். அவள் பார்க்கும் வேலை, நம்புங்கள், இலக்கணம் எழுதுவது. மனிதர் பேசும் மொழிக்கு அல்ல, இயந்திரம் கேட்கும் மொழிக்கு. பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் கதவு, விளக்கு, விசிறி எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்க அவள் நிறுவனம் ஒரு சின்ன மொழியைச் செய்து விற்கிறது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரலாம், எது எதற்குள் அடங்கும் என்ற விதிகளை எழுதுவது கறார். கிடங்குச் சூப்பர்வைசர் அந்த மொழியில் ஒரு வாக்கியம் தட்டினால் கதவு அதன்படி நடக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

இனித் தொடக்கம். மூன்று எழுதினேன். இரண்டைக் கிழித்திருக்க வேண்டும், மனசு வரவில்லை.

[அந்தச் சனிக்கிழமை மதியம், வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே உறைந்த இருளில் ஒரு மனிதன் தன் மூச்சே வெண்புகையாக—]

நான் அங்கே இல்லை. வெயில் அடித்ததா, மழை பெய்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? கிடங்குக்குள் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.

[சூழல் சாரா இலக்கணம் என்பது, ஒரு குறியை அதன் அக்கம்பக்கம் பாராமல் வேறு குறிகளாக விரித்தெழுதும் விதிகளின்—]

மூன்றாம் வரியில் எனக்கே கொட்டாவி வந்தது.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சனிக்கிழமை, மதியம் மூன்றே கால். ஒரு கிடங்கின் சூப்பர்வைசர் புதிய விதி ஒன்றைக் கணினியில் தட்டினார். மொத்தம் பத்தொன்பது சொல். திரை அதை அழகாக மடித்து, எது எதற்குள் அடங்குகிறது என்று படிப்படியாகக் காட்டியது. அவர் நினைத்தது அப்படியே இருந்தது. 'சேமி' என்ற பொத்தானை அமுக்கினார். அமுக்கிய நொடியில் ஆறாம் எண் அறையின் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஒரு லோடுமேன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி இருக்க வேண்டும் என்பது விதி, இருந்தது. அதன்மேல் பனி கல்லாக இறுகியிருந்தது. அந்த மனிதர் கையுறையோடு சுரண்டிப் பார்த்திருக்கிறார், பிடி கிடைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சுரண்டியிருக்கிறார். வெளியே சரக்குக்காகக் காத்திருந்த லாரி ஓட்டுநர் பொறுமையிழந்து சத்தம் போட்ட பிறகுதான் ஆளைக் காணோம் என்றே தெரிந்திருக்கிறது. கதவைத் திறக்க நாற்பத்தேழு நிமிடம் ஆகிவிட்டது.

ஆள் உயிரோடு இருக்கிறார். வலது கையில் மூன்று விரல் கறுத்துவிட்டது. மிஞ்சுமா மிஞ்சாதா என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை.

3

சூப்பர்வைசர் சரியாகத்தான் எழுதினார். திரையும் சரியாகத்தான் காட்டியது. கதவும் சரியாகத்தான் நடந்துகொண்டது. கறார் இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றும் சரியென்றால் அந்த மனிதர் ஏன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்?

அவர் எழுதிய விதியைச் சுருக்கினால்* இப்படி வரும்:

மின்தடை என்றால் உள்ளே ஆள் என்றால் கதவைத் திற இல்லையென்றால் கதவைப் பூட்டு.

சூப்பர்வைசர் நினைத்தது இது: மின்சாரம் போனால், உள்ளே ஆள் இருக்கிறாரா பார், இருந்தால் கதவைத் திற, ஆள் இல்லையென்றால் குளிர் வெளியே போகாமல் பூட்டு. திரையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் கதவில் இருக்கும் இயந்திரம் வேறு ஆட்கள் செய்தது. அந்த 'இல்லையென்றால்' என்பதை அது மின்தடையோடு சேர்த்துக் கட்டிவிட்டது. மின்தடை இல்லையென்றால் பூட்டு. அன்று மதியம் மின்தடை இல்லை. பூட்டிவிட்டது.

ஒரே வாக்கியத்திலிருந்து இரண்டு கட்டுமானம். கறாரின் அலுவலகத்தில் இதை 'இரட்டை' என்கிறார்கள். இலக்கணத்தில் இரட்டைக்கு இடமிருந்தால் யாருமே தப்புச் செய்யாமல் தப்பு நடக்கும்.

(*இந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கறார் கொதித்துப்போனாள். "இவ்வளவு சின்ன இரட்டையை விட்டுவைக்க நான் என்ன மடச்சியா அண்ணி? இதை அன்னைக்கே அடைச்சுட்டேன். நேரமும் பட்டியலும் 'தவிர'ங்கற சொல்லும் ஒண்ணா சேர்ந்து வந்தா அடைச்ச சந்து வேற பக்கமா திறக்குது. அதுக்குப் பத்தொன்பது சொல் வேணும்." பத்தொன்பது சொல்லையும் இங்கே எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள் என்றேன். "உங்க இஷ்டம், ஆனா சுருக்கினதுன்னு போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.)

4

இனி கையெழுத்து விஷயம்.

அந்த மொழியின் இரண்டாம் பதிப்பு சென்ற வருடம் வெளிவந்தது. வெளிவருமுன் 'இரட்டை இல்லை' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டது கறார். எப்படிச் சரிபார்த்தாள் என்று கேட்டேன். அதற்கு ஒரு கணினி நிரல் இருக்கிறதாம். அந்த மொழியில் எழுதக்கூடிய வாக்கியங்களை எல்லாம் அதுவே எழுதிப் பார்க்கும். முதலில் ஒரு சொல் வாக்கியங்கள், பிறகு இரண்டு சொல், பிறகு மூன்று. எதற்காவது இரண்டு கட்டுமானம் வந்தால் நின்று கத்தும். வராவிட்டால் அடுத்த நீளத்துக்குப் போகும். ஒவ்வொரு சொல் கூடும்போதும் வேலை பல மடங்கு பெருகும்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அதை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரை அது கத்தவில்லையென்றால் மொழி சுத்தம். இதற்குத் திங்கள் விதி என்று பெயர். வகுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நிரல் பதினான்கு சொல் வரை முடித்திருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும்தான் தேடுச்சுன்னா, செவ்வாக்கிழமை கிடைச்சிருக்கலாமே?" என்றேன்.

"கிடைச்சிருக்கலாம்."

"அப்ப செவ்வாய் வரைக்கும் விட்டிருக்கணும்."

"செவ்வாயும் கிடைக்கலைன்னா புதன் இருக்கு அண்ணி. புதனுக்கு அப்புறம் வியாழன் இருக்கு."

"சரி, எப்பதான் நிறுத்தறது?"

"அதைச் சொல்ல முடியாது. இருந்தா என்னைக்காவது கத்தும். இல்லைன்னா சும்மா ஓடிட்டே இருக்கும். பாதியில நிக்கிற நமக்கு, இது இன்னும் கத்தாததா, கத்தவே கத்தாததான்னு தெரியாது. எந்த இலக்கணத்தைக் குடுத்தாலும் இரட்டை உண்டா இல்லையான்னு தப்பில்லாம சொல்ற நிரலை யாரும் எழுதவே முடியாது. நாளைக்கு வர்ற கெட்டிக்காரனாலயும் முடியாது. அதை நிரூபிச்சே வச்சிருக்காங்க. நானே நிரூபிச்சிருக்கேன்."

"நீயா?"

"கல்லூரிக் கடைசிப் பரீட்சையில. பதினாறு மார்க் கேள்வி. பதினாறும் வாங்கினேன்."

 பொதுவான வழி கிடையாது என்று ஒரு கையால் எழுதிப் பதினாறு மார்க் வாங்கியவள், அதே கையால் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அதுவும் யார்? கால் அங்குலத்துக்குச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிற கறார்!

"அப்புறம் எப்படிடி கையெழுத்துப் போட்ட?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். 

"அது பரீட்சை அண்ணி," என்றாள். "இது வேலை."

5

(இந்தப் பகுதி வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். ஆனால் எனக்கு ஒரு மணி நேரம் போனது, கொஞ்சமாவது நீங்களும் அனுபவிக்க வேண்டும்.)

நிரூபணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, கறார் என் மேசையிலிருந்த முதல் தொடக்கத்தின் கரட்டுப் பிரதியை எடுத்தாள். வெயில் அடித்த தொடக்கம். அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதினாள். ஒவ்வொரு சதுரத்திலும் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்.

"ரெண்டு வகை அட்டை இருக்கு. ஒவ்வொண்ணும் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம். வரிசையா வச்சா, மேல்வரி முழுக்கப் படிச்சாலும் கீழ்வரி முழுக்கப் படிச்சாலும் ஒண்ணா வரணும்."

முதல் ஆட்டம் சுலபம். ஒரு அட்டையில் மேலே 'க', கீழே 'கச'. இன்னொன்றில் மேலே 'சட', கீழே 'ட'. இரண்டையும் ஒட்டி வைத்தேன். மேலே கசட, கீழே கசட. அட, இவ்வளவுதானா என்றேன்.

இரண்டாவது ஆட்டம். ஒன்றில் மேலே 'க', கீழே 'கச'. மற்றதில் மேலே 'சக', கீழே 'கச'. முதல் அட்டையை வைத்தேன். மேலே ஒரு எழுத்து குறைந்தது. இரண்டாவதை வைத்தேன். மேலே 'கசக', கீழே 'கசகச'. இன்னும் அதே ஒரு எழுத்து குறைவு. இன்னொன்று வைத்தேன். இன்னொன்று. மேசை தீர்ந்து தரைக்கு இறங்கினேன். முட்டி வலிக்க அட்டைகளை அடுக்கிக்கொண்டே வாசற்படி வரை போய்விட்டேன். அந்த ஒரே ஒரு 'ச' மட்டும் எனக்கு முன்னால் நின்று பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு வச்சா வந்துடும்" என்றேன்.

"வராது அண்ணி. இந்த ஆட்டத்துல வராதுன்னு பார்த்தாலே தெரியும், எழுந்திருங்க. ஆனா எந்த அட்டைக் கட்டைக் குடுத்தாலும் வருமா வராதான்னு சொல்ற பொது வழி கிடையவே கிடையாது. இலக்கணத்துல இரட்டை கண்டுபிடிக்கப் பொது வழி இருந்தா இதுக்கும் வழி வந்துடும். இதுக்குத்தான் இல்லையே. அதனால அதுக்கும் இல்லை."

தரையில் அமர்ந்தபடியே அவளைப் பார்த்தேன்.  உலகத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் தெரிந்துகொண்டுவிடலாம் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். சுவர் வைத்து அடைத்து, இதற்கு அப்பால் யாரும் போக முடியாது என்று எழுதியும் வைத்திருக்கிறார்களே!

உள்ளுக்குள் ஒரு மூலையில் எழுத்தாளி சப்புக்கொட்டினாள். கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது.

6

முடிவு ஒன்று:

[நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் திரையின் முன் அமர்ந்திருக்கிறாள். அது இன்னும் பேசவில்லையா, இனிப் பேசவே பேசாதா? அறிய முடியாமையின் பெருங்கரையில் ஒரு சிறு பெண்ணாக அவள்—]

அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கெட்டவன் வேண்டுமே. கறாரின் மேலாளரை எடுத்துக்கொண்டேன். தங்கக் கடிகாரம் கட்டினேன், கண்ணைப் பார்த்துப் பேசாதவராக்கினேன், 'கையெழுத்துப் போடு' என்று மேசையைக் குத்த வைத்தேன்.

"அவர் கடிகாரமே கட்ட மாட்டார்," என்றாள் கறார் படித்துவிட்டு. "விஷயம் தெரிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஓடினதே அவர்தான். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தார்."

போச்சு. அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த நல்ல மனிதர்தான் கறாரின் மேசையில் இன்னொரு படிவத்தை வைத்திருந்தார், 'இரட்டை உண்டு', 'இரட்டை இல்லை' என்று இரண்டு கட்டத்தோடு. விபத்துக்குப் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு கிடங்குகளிலும் பூட்டுகளை நிறுத்திவைத்து, கதவுக்கு ஒரு ஆளைக் காவல் போட்டிருக்கிறார்கள். கறார் அந்தப் பத்தொன்பது சொல் சந்தை அடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நிரலை ஓடவிட்டாயிற்று. திங்கள் ஒன்பது மணிக்கு அது கத்தாமல் இருந்தால், 'இரட்டை இல்லை' என்ற கட்டத்தில் அவள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் கதவுகள் தாமே பூட்டத் தொடங்கும். குளியலறையில் அவள் ஒத்திகை பார்த்தது அந்த இரண்டு கட்டத்தைத்தான்.

முடிவு இரண்டு:

[திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அந்த லோடுமேன் விடியற்காலையில்—]

இந்த இடத்தில் கறார் தாளைப் பிடுங்கினாள்.

"அவர் உயிரோட இருக்கார் அண்ணி! நேத்துக் கஞ்சி குடிச்சார். உங்க கதை நல்லா முடியணும்னு ஒரு மனுஷனைச் சாகடிப்பீங்களா?"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று எனக்கே திக்கென்றது. அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்த கோட்டோடு அப்படியே வைத்திருக்கிறேன், என் லட்சணம் தெரியட்டும்.

"ஞாயித்துக்கிழமை அவரைப் பார்க்கப் போறேன்," என்றாள். "நீங்களும் வாங்க. தனியாப் போக எனக்குக் கால் வரலை."

7

ஆஸ்பத்திரி வராந்தாவில் லோடுமேனின் மனைவி உட்கார்ந்திருந்தார். சலவையகத்தில் இஸ்திரி போடுகிறவர்; வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பழப்பையோடு ஓரமாக நின்றேன். கறார் தான் யார் என்று சொன்னாள்.

"கதவுக்கு எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த பையை நகர்த்தி இடம் விட்டார். கறார் உட்காரவில்லை.

"இனிமே வேற யாரும் உள்ளே மாட்டிக்க மாட்டாங்கல்ல?"

ஒத்திகை பார்த்த இரண்டு பதிலில் இரண்டாவதுதான் கறார் வாயில் வந்தது.  "தெரியலைங்க. அந்த ஒரு வாக்கியத்தைச் சரி பண்ணிட்டேன். அதே மாதிரி இன்னொண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியாது. எப்பவும் கண்டுபிடிச்சுச் சொல்ற வழியே கிடையாதுன்னு கணக்குல நிரூபிச்சிருக்காங்க."

இதோ, என் முதல் முடிவு. பெருங்கரை, சிறு பெண், எல்லாம் அப்படியே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் புல்லரித்தது.

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கவனமாகக் கேட்டார். "யாராலயும் முடியாதா?"

"எல்லா இலக்கணத்துக்கும் பொதுவா ஒரு வழின்னு கேட்டா, முடியாதுங்க."

"எல்லாத்துக்கும் எனக்கு எதுக்கு? உங்களோடதுக்கு?"

  கறாரின் மேலாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நான் கேட்டிருக்க வேண்டியது. எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நான் தரையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்களோடதுக்கு முடியும்," என்றாள் கடைசியில். "இறுக்கமா எழுதினா. ஒவ்வொரு நிபந்தனையும் எங்க முடியுதோ அங்க 'முடிந்தது'ன்னு ஒரு சொல் கட்டாயம் போடணும்னு வச்சுட்டா, ஒரு வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்னு அடிச்சுச் சொல்லலாம். தேடவே வேண்டியதில்லை."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"எல்லாக் கிடங்குலயும் விதியெல்லாம் மாத்தி எழுதணும். ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம்தானா!" அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு மாசத்துல ஆகற வேலையை முதல்லயே ஏங்க செய்யலை?"

"முதல்ல அப்படித்தாங்க இருந்துச்சு."

எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

"இருந்துச்சா? அப்புறம்?"

"எடுத்துட்டோம். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதறது எரிச்சலா இருக்குன்னு."

"யாருக்கு எரிச்சலா இருந்துச்சு?"

கறார் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. "நான்தாங்க எடுத்தேன்," என்றாள்.

"எரிச்சலா இருந்துச்சாம்" என்று அந்த அம்மா மெல்லத் தனக்குள் சொல்லிக்கொண்டார். கோபம்கூட இல்லை, நம்ப முடியாமல் சொன்னார். உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டதும் போய்விட்டார்.

8

முதல் பகுதியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறந்தே போயிருந்தேன், சத்தியமாக.

மூன்று வருடத்துக்கு முன்னால் கறார் அந்த மொழியின் முதல் பதிப்பை ஐந்து பேரிடம் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னாள். பொறியாளர்கள் கூடாது, சாதாரண ஆட்களாக இருக்க வேண்டும். ஐந்தாவது ஆள் நான். 'நீங்க எழுத்தாளராச்சே அண்ணி' என்று ஆசையாகக் கொடுத்தாள். இதே மேசையில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு விதி எழுதினேன். ஒவ்வொன்றின் வாலிலும் முடிந்தது முடிந்தது முடிந்தது. மற்ற நான்கு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னது நான் ஒருத்திதான்.

சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இப்போது நினைவுக்கு வருகிறது. "என்ன இது, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி? எங்க முடியுதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாதா? என் கதையில கடைசி வரியை நான் எழுதறதே இல்ல, வாசகர்கிட்ட விட்டுடுவேன். அதுதான் அழகு. இதைத் தூக்கிடு." அவள் சிரித்தபடி குறித்துக்கொண்டாள். 'அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றாள்.

அது எதற்கு அங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. என் ரசனையை ஒரு கதவில் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அந்தக் கதவை ஒரு மனிதர் விரல் கறுக்கச் சுரண்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் 'நான்தான் சொன்னேன்' என்று இரண்டு சொல் சொல்லக்கூட எனக்கு நாக்குப் புரளவில்லை. பழப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன், "ஏன் என்னைச் சொல்லலை?"

"நீங்க பிடிக்கலைன்னு சொன்னீங்க. எடுத்தது நான்தானே. எடுத்தா என்ன ஆகும்னு படிச்சவளும் நான்தானே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பயப்படாதீங்க அண்ணி. வியாழக்கிழமை விபத்தைப் பத்தி நடக்கற விசாரணையில உங்களைக் கூப்பிட மாட்டாங்க. சோதனை அறிக்கையில அஞ்சாவது ஆளோட பேரை நான் எழுதவே இல்லை."

கறார் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். எனக்காக! வீட்டில் இதை என் கணவரிடம் சொன்னேன். "அவளே சொல்லலை. நீயா போய் ஏன் தலையைக் குடுக்கற?" என்றார். தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்கும் நான் ஒருத்திதானே மனைவி, பாவம்.

9

திங்கள் காலை ஒன்பது மணிக்கு நிரல் கத்தவில்லை. கறார் படிவத்தில் இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு, குறுக்கே 'இரண்டு மாதம் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாள்.  மேலாளர் அதை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கதவுகள் பூட்டாமல்தான் இருக்கின்றன. காவலுக்கு ஆள் நிற்கிறார்கள். எத்தனை நாள் நிற்பார்கள் என்பதும், கறாரை இனி இந்த வேலையை எங்காவது செய்ய விடுவார்களா என்பதும் வியாழக்கிழமை முடிவாகும்.

இன்று வியாழன். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கறார் உள்ளே போய் அரை மணி ஆகிறது. கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அவள் முதுகு தெரிகிறது. அவளுக்கு நான் வந்தது தெரியாது.

வந்ததும் இதுவரை எழுதிய எட்டுப் பகுதியையும் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் புரட்டினார்.

"என்னம்மா இது? வாக்குமூலமா, கதையா?"

"நடந்ததுதாங்க."

"நடந்ததுன்னா எதுக்கு இத்தனை அடித்தல்? மூணு தொடக்கம் இருக்கு. ரெண்டு முடிவு இருக்கு, ஒண்ணுல ஆளே செத்துடறாரு. இதுல எதை நான் பதிவு பண்றது?" ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சொல்ல வந்ததை ஒரே வரியில எழுதிக் குடுங்க."

ஒரே வரியில் நான் எதையும் எழுதியதில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அழகாக வந்த மூன்றை அடித்தேன். நான்காவதாக இப்படி எழுதினேன்: 'முடிந்தது என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னது நான், சோதனை அறிக்கையில் காலியாக இருக்கும் ஐந்தாவது பெயர் என்னுடையது.' கீழே பெயரும் கையெழுத்தும் போட்டேன். இதை வேறு எப்படியாவது படிக்க முடியுமா என்று நாலு தரம் படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை முடியாது. குமாஸ்தா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கண்ணாடி வழியே பார்க்கிறேன். தாள் கை மாறுகிறது. அதிகாரி படிக்கிறார். கறாரிடம் ஏதோ கேட்கிறார். அவள் அவசரமாகத் தலையை ஆட்டுகிறாள், இல்லை இல்லை என்று. 'நான்தான்' என்று அவள் சொல்வது உதட்டசைவிலேயே தெரிகிறது. அவர் தாளைக் காட்டுகிறார். இரண்டு பேரும் 'நான்தான்' என்கிறோம். எங்களில் யாரை நம்புவார்களோ, இருவரையும் நம்பினால் என்ன செய்வார்களோ, அந்த அம்மாவுக்கு யார் போய் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.

என் வழக்கப்படி இந்த இடத்தில் பேனாவை மூடி, மீதியை உங்களிடம் விட்டுவிட வேண்டும். விட மாட்டேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் அழகாக எழுந்து போவதற்கு இது அந்த மாதிரி முடிவில்லை.

குமாஸ்தா கதவைத் திறந்து, "அந்த அஞ்சாவது ஆள் நீங்கதானே, உள்ளே வாங்க" என்கிறார். கறார் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். வேண்டாம், போயிடுங்க என்று கையை ஆட்டுகிறாள். நான் எழுந்துவிட்டேன்.